ஆமா போட ஓர் ஆள்

அப்பா இறந்த ஐந்தாம் நாள் துட்டி கேட்க வந்தவர்களில் ஒருவரை எங்கள் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எழுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உங்கப்பா எங்க செட்டுல மூணு வருசம் குடம் அடிச்சாருல்லா, தெரியுமாய்யா?"

எனக்குத் தெரியாது. நான் அறிந்த அப்பா தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிச் சத்தம் கூடினால் எழுந்து வெளியே போய்விடுபவர். அந்த மனிதர், கல்யாணத்துக்கு முன்பு, ஊர் ஊராகக் கோயில் கொடைகளுக்குப் போய் வில்லுப்பாட்டில் குடம் அடித்திருக்கிறார். அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லச் சொல்ல, இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமா' போட்டிருக்கிறார்.

ஏன் விட்டார் என்று கேட்டேன். ஒரு கொடையில் சம்பளம் பிரிக்கும்போது வந்த மனஸ்தாபம் என்றார் பெரியவர். "சர்க்கார் வேல கெடச்ச பொறவு கோயில்ல ஒக்காந்து குடம் அடிக்க முடியுமாக்கும்?" என்றார் அத்தை. அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பாதான் பொண்ணு குடுக்கையில அத விட்டுரணும்னு கேட்டாரு" என்றாள். அப்பாவிடம் கேட்க வழியில்லை. ஆனால் அன்று சாயங்காலம், இறந்து ஐந்து நாளான அப்பா எனக்கு முன்பைவிடப் பெரிய மனிதராகிவிட்டிருந்தார்.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளவே, துக்கத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததிலிருந்து எனக்குத் தெளிவானது இதுதான்: பெற்றோரை இழந்தவர் தன் நினைவுகளைக் கதையாகச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் சொல்ல ஒருவர் மட்டும் போதாது. 'ஆமா' போட ஆள் வேண்டும். 'இல்ல, அது அப்பிடியில்ல' என்று மறுக்கவும் ஆள் வேண்டும்.

விட்டுவிடச் சொன்ன கோட்பாடு

சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் வெளியிட்ட 'துக்கமும் மனச்சோர்வும்' என்ற கட்டுரையிலிருந்துதான் துக்கத்தைப் பற்றிய நவீன உளவியல் தொடங்குகிறது. இறந்தவரோடு மனத்தைப் பிணைத்திருக்கும் ஒவ்வொரு நினைவையும் எடுத்துப் பார்த்து, அவர் இனி இல்லை என்பதை ஏற்று, அந்தப் பிணைப்பை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதே துக்கம் செய்யும் வேலை என்றார் அவர். எல்லாம் அவிழ்ந்த பிறகு மனம் விடுதலை பெற்றுப் புதிய உறவுகளை நாடும் என்பது கோட்பாடு. நினைவு இங்கே விடைபெறுவதற்கான கருவி. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதிக்கும் மேற்கத்திய மருத்துவர்கள் இதையே நம்பினார்கள். இறந்தவரோடு பேசிக்கொண்டே இருப்பவர் இன்னும் குணமாகாதவர் என்று கருதப்பட்டார்.

ஃபிராய்டின் வாழ்க்கையோ வேறு விதமாக நடந்தது. அவருடைய தந்தை யாக்கோப் 1896 அக்டோபரில் இறந்தார். அடுத்த ஆண்டுகளில் ஃபிராய்ட் தன் கனவுகளையும் குழந்தைப் பருவ நினைவுகளையும் தோண்டித் தோண்டி எழுதியதுதான் 'கனவுகளின் விளக்கம்'. அந்த நூல் தன் தந்தையின் மரணத்துக்கு மனம் காட்டிய எதிர்வினை என்பது எழுதி முடித்த பிறகுதான் தனக்கு விளங்கியது என்று 1908இல் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே சொல்கிறார். 1920இல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். சோஃபி உயிரோடிருந்தால் அவளுக்கு 36 வயது நிரம்பியிருக்கும் நேரம் அது. இழந்தவரின் இடத்தை எதுவும் முழுக்க நிரப்பாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும், அந்த அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். கோட்பாட்டில் அவிழ்க்கச் சொன்னவரால் தன் வீட்டில் அவிழ்க்க முடியவில்லை.

பிறகு வந்த 'ஐந்து கட்டங்கள்' இன்று எல்லோருக்கும் தெரிந்தவை: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் இவற்றை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பழகிய அனுபவத்தில். அது பின்னாளில் உறவினர்களின் துக்கத்துக்கும் அளவுகோலானது. தனக்கு மூன்றாம் கட்டம் இன்னும் வரவில்லையே என்று கவலைப்படுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படி வரிசைப்படி நடந்தாக வேண்டிய கடமை எதுவும் துக்கத்துக்குக் கிடையாது.

பெரிய திருப்பம் 1990களில் வந்தது. தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை அமெரிக்காவில் ஃபில்லிஸ் சில்வர்மனும் உடன் ஆய்வாளர்களும் தொடர்ந்து சந்தித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இறந்தவரை விட்டு விலகவில்லை. அவருக்கு ஓர் இடம் கொடுத்தார்கள், அவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தார்கள், அவரோடு பேசினார்கள், அவருடைய பொருள் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1996இல் சில்வர்மன், டென்னிஸ் கிளாஸ், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த நூல் இதற்குத் 'தொடரும் பிணைப்புகள்' என்று பெயர் வைத்தது. உறவு முடிவதில்லை, அதன் வடிவம்தான் மாறுகிறது என்பது அதன் சாரம். அமாவாசைதோறும் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கும் ஊரில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அதே 1996இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் டோனி வால்டர் எழுதிய கட்டுரை என் திண்ணைக்கு இன்னும் நெருக்கமானது. இறந்தவரைப் பற்றி நிலைத்து நிற்கக்கூடிய ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கட்டுவதுதான் துக்கத்தின் வேலை என்கிறார் அவர். அதைக் கட்டும் முக்கியமான வழி, அவரை அறிந்த மற்றவர்களோடு பேசுவது. நவீன வாழ்வில் இது கடினமாகிவிட்டது என்பதையும் அவர் கவனிக்கிறார். மகன் ஓர் ஊரில், தந்தையின் அலுவலக நண்பர்கள் வேறோர் ஊரில். ஒருவரை முழுக்க அறிந்தவர்கள் ஒரே இடத்தில் கூடுவதே இல்லை.

துட்டி வீட்டின் வேலை

திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்பது. மதுரை, இராமநாதபுரம் பக்கம் கேதம் கேட்பது. பொதுவாகத் துக்கம் விசாரிப்பது. பெயர்களைப் பாருங்கள். கேட்பதும் விசாரிப்பதும்தான் சடங்கு. வந்தவர் ஆறுதல் வாக்கியம் எதையும் தயாரித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. "எப்பிடி ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அந்தக் கேள்விக்கு நான் நூறு முறையாவது பதில் சொல்லியிருப்பேன். முதல் நாள் என் பதில் துண்டு துண்டாக இருந்தது. காலையில் காப்பி குடித்தார், ஆட்டோ வரவில்லை, ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்தேன், சூடாக இருந்தது. எதற்குப் பின் எது என்று எனக்கே பிடிபடவில்லை. மூன்றாம் நாளுக்குள் அதற்கு ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் வந்துவிட்டன. எந்த இடத்தில் குரல் உடையும் என்பது தெரிந்து, அந்த இடத்தில் அம்மா என்னிடமிருந்து கதையை வாங்கிக்கொண்டாள். அலுப்பூட்டும் வழக்கம் என்று நான் ஒரு காலத்தில் நினைத்திருந்தது, என்னால் தாங்க முடியாத ஒரு காலைப்பொழுதைத் தாங்கக்கூடிய கதையாக மாற்றிக் கொடுத்தது.

இடையிடையே வேறு பேச்சும் வரும். யாரோ காப்பி போதுமா என்பார்கள், யாரோ பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்பார்கள். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த மாதிரி, துக்கப்படுபவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறி ஊசலாடுகிறார் என்கிறது. அந்த ஊசலாட்டமே ஆரோக்கியமானது என்பது அவர்கள் வாதம். துட்டி வீட்டுத் திண்ணை அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்கிறது.

ஒப்பாரி இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் தோளைக் கட்டிக்கொண்டு பாடுகிறார்கள். ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் சேர்ந்து இழுக்கிறார்கள். தமிழ்நாட்டில் களப்பணி செய்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட தன் நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில் தலைப்பு வைத்தார். ஒப்பாரி பாடும் பெண் தன் சொந்தக் குறையைத்தான் பாடுகிறாள் என்பது அவர் கண்டது. தாய்க்காக அழும் மகளின் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். இனிப் பிறந்த வீட்டுக்கு யாரை நம்பிப் போவேன், சீர் கொண்டு யார் வருவார் என்றுதான் அவள் பாடுவாள். அதைச் சுயநலம் என்று படிக்கக் கூடாது. அம்மா தன் வாழ்வில் என்னவாக இருந்தாள் என்று மகள் ஊரார் முன்னிலையில் சொல்ல, பக்கத்தில் இருப்பவள் அதே மெட்டில் ஆமாம் என்கிறாள்.

சங்க இலக்கியத்தில் இதற்குக் கையறுநிலை என்று பெயர். புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது என்று சொல்லப்படுகிறது. ஐந்தே அடிகள். மூவேந்தர் முற்றுகையில் தந்தையை இழந்த பெண்கள், சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் அருகருகே வைக்கிறார்கள். அன்று தந்தையும் குன்றும் இருந்தன. இன்று இரண்டும் இல்லை. பாரியின் வீரத்தையோ கொடையையோ அவர்கள் பாடவில்லை. அதைப் பாடக் கபிலர் இருந்தார். மகள்களுக்குத் தெரிந்தது தந்தை இருந்த இரவு எப்படி இருந்தது என்பது. தந்தையின் நண்பரும் தந்தையின் பெண்களும் ஆளுக்கொரு பாரியைச் சொல்ல, இரண்டு குரலும் ஒரே தொகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

காகிதக் கல்வெட்டு

துட்டி வீட்டுப் பேச்சு காற்றோடு போய்விடும். அதை அச்சில் பிடித்து வைத்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அங்கே 31ஆம் நாள் அந்தியேட்டி. கீரிமலைக் கடற்கரையில் கிரியை முடிந்து, வீட்டுக்கிருத்தியத்தன்று வந்தவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதன் பெயர் கல்வெட்டு. கல்லில் வெட்டியது போல நிலைக்கட்டும் என்று காகிதத்துக்கு வைத்த பெயர்.

அந்தப் புத்தகத்துக்கென்று ஓர் அமைப்பு உண்டு. இறந்தவரின் படம். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கையும் அடக்கிய திதி வெண்பா. ஆட்டைத் திவசத்தைப் பிள்ளைகள் நாள் தவறாமல் செய்ய அதுவே பதிவேடு. பிறகு ஊரின் பெருமை, குலம், கல்வி, தொழில் என்று வரலாறு. அதன்பின் புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். இவற்றைப் பெரும்பாலும் ஊர்ப் புலவர் ஒருவர்தான் எழுதிக் கொடுப்பார். ஆனாலும் ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருப்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மனைவிக்கு அவர் ஒருவர், பேரனுக்கு அவர் வேறொருவர் என்பதை அந்த அமைப்பே ஒப்புக்கொள்கிறது.

காலப்போக்கில் கல்வெட்டுகள் நினைவு மலர்களாக வளர்ந்தன. தேவார திருவாசகத் தொகுப்பு, ஊர் வரலாறு, நண்பர்களின் கட்டுரைகள், வம்சாவளி எல்லாம் சேர்ந்தன. போரும் இடப்பெயர்வும் வந்து, வீடுகளும் ஆவணங்களும் 1981இல் யாழ்ப்பாண நூலகமும் எரிந்த பிறகு, ஓர் ஊரில் யார் வாழ்ந்தார்கள், எந்தப் பள்ளியில் படிப்பித்தார்கள் என்று அறிய இந்தச் சிறு புத்தகங்கள் சான்றுகளாயின. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் தேடிச் சேர்த்து எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை தன் தாய்க்காக அச்சிட்டது இன்று ஒரு சமூகத்தின் நினைவாகவும் இருக்கிறது.

எந்த அப்பா உண்மை?

கதைகள் முரண்பட்டால் என்ன செய்வது? நினைவு என்பது பெட்டியில் மடித்து வைத்த துணி அன்று என்பதை அறிவியல் உறுதியாகக் காட்டியிருக்கிறது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூலில், அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயரிடம் கொடுத்துத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து சொல்லவைத்த சோதனை வருகிறது. ஒவ்வொரு முறையும் கதை சொல்பவருடைய உலகுக்கு ஏற்ப மாறியது. பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்தன, கதையில் வந்த ஓடம் ஆங்கிலேயருக்குப் பழகிய படகாக மாறியது. 2000ஆம் ஆண்டில் கரீம் நாடரும் உடன் ஆய்வாளர்களும் எலிகளிடம் செய்த சோதனை, மீட்டெடுக்கப்படும் நினைவு சற்று நேரம் நெகிழ்ந்த நிலைக்குப் போய்த் திரும்பவும் உறைய வேண்டியிருக்கிறது என்று காட்டியது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நினைவு மாறக்கூடும். தனியே உட்கார்ந்து தாயை நினைத்துக்கொண்டே இருப்பவர் மெல்ல மெல்லத் தனக்கு வேண்டிய தாயை உருவாக்கிவிட முடியும். அதனால்தான் மறுத்துப் பேச ஆள் வேண்டும் என்கிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த்தின் தாய் 1977 அக்டோபர் 25 அன்று இறந்தார். மறுநாளே அவர் சிறு காகிதத் துண்டுகளில் குறிப்பு எழுதத் தொடங்கினார். அது நூலாக வந்தது 2009இல்தான். தாயின் படங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தபோது, ஐந்து வயதுச் சிறுமியாக அவர் கண்ணாடிக் கூரைத் தோட்டத்தில் தன் அண்ணனோடு நிற்கும் பழைய படம் ஒன்றில்தான் அவரைக் கண்டடைந்ததாக 1980இல் வந்த 'காமிரா லூசிடா'வில் எழுதினார். மகன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு எடுத்த படம். அதை அவர் நூலில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் பழைய படம்தான் என்றார். குடம் அடித்த இளைஞரைப் பெரியவர் என் முன் நிறுத்தியபோது எனக்கு நேர்ந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். நமக்குத் தாயாகவும் தந்தையாகவும் ஆவதற்கு முன் அவர்கள் யாராக இருந்தார்கள் என்பது, அவர்கள் போன பிறகே நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

2022இல் நோபல் பரிசு பெற்ற அனி எர்னோ வேறொரு வழியைக் காட்டுகிறார். நார்மண்டியில் இவெத்தோ என்ற சிற்றூரில் மளிகைக்கடையும் காப்பிக்கடையும் சேர்ந்த சிறிய கடை ஒன்றை நடத்திய அவர் தந்தை 1967இல் இறந்தார். மகள் ஆசிரியராகத் தேர்ச்சி பெற்றுச் சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவரைப் பற்றி நாவல் எழுத முயன்று கைவிட்ட எர்னோ, 1983இல் ஒரு சிறு நூல் எழுதினார். அலங்காரமும் கவித்துவமும் இல்லாமல், தந்தை பயன்படுத்திய சொற்களையும் அவர் வெட்கப்பட்ட இடங்களையும் அப்படியே வைத்தார். படித்து மேலேறிய பிள்ளை, பெற்றவரின் மொழியை விட்டு விலகிவிட்ட குற்றவுணர்வு அதில் வரிக்கு வரி இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த நம் வீடுகளில் அதைப் படிப்பவர் யாரும் தன் அப்பாவை நினைக்காமல் இருக்க முடியாது.

எழுதினால் ஆறுமா?

எழுத்து மருந்தா என்ற கேள்விக்கு ஆய்வுகள் எச்சரிக்கையோடுதான் பதில் சொல்கின்றன. ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனையில், தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்வின் துயரத்தை எழுதிய மாணவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைவு. அதைப் பின்பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்தன. ஆனால் துணையை இழந்தவர்களிடம் ஸ்ட்ரோபும் சகாக்களும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைத் திறந்து சொல்வதோ எழுதுவதோ அதனளவில் துக்கத்தை விரைவாக ஆற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற எளிய நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

சிலருக்குக் கதையும் உறவும் போதாது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022இல் திருத்திய கையேட்டில் 'நீடித்த துக்கக் கோளாறு' ஒரு நோயாகச் சேர்ந்தது. பெரியவர்களுக்கு ஓராண்டு கடந்தும் தினமும் வாழ்வை முடக்கும் ஏக்கம் இருந்தால் மருத்துவ உதவி தேவை என்கிறது அது. அப்படிப்பட்டவரிடம் 'எழுதிப் பார்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது அன்பாகாது.

மற்றவர்களுக்கு, கதையின் பயன் ஆறுதலைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். அதற்கு நேரமும் கூட்டமும் வேண்டும். இன்று நகரங்களில் பல வீடுகளில் பதினாறு நாள் காரியம் மூன்று நாளாகிவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைக்காக உடல் குளிர்ப்பெட்டியில் காத்திருக்கிறது. பிள்ளை வந்து சேர்ந்ததும் எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்து, அவர் திரும்ப விமானம் ஏறுகிறார். கைப்பேசிக்கு வரும் இரங்கல் செய்திகளில் யாரும் எதையும் கேட்பதில்லை, ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிப்பதோடு சரி. குறைந்துபோன சடங்குகளுக்காக நான் வருந்தவில்லை. அவற்றோடு சேர்ந்து போய்விட்ட "எப்பிடி ஆச்சு?" என்ற கேள்விக்காக வருந்துகிறேன். அதைக் கேட்கப் பந்தலும் புரோகிதரும் வேண்டியதில்லை. இறந்தவரின் பழைய நண்பரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, கேட்டுக்கொண்டே இருக்கலாம். கைப்பேசியில் பதிவு செய்யலாம். உயிரோடிருக்கும் தாயிடம், தனக்குப் பதினெட்டு வயதில் என்ன ஆசை இருந்தது என்று இன்றைக்கே கேட்கலாம்.

அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு அந்தப் பெரியவரை வரவழைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் அத்தையும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து பழைய வழக்கை மறுபடி எடுத்தார்கள். சம்பளத் தகராறா, சர்க்கார் வேலையா, தாத்தா போட்ட நிபந்தனையா? யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "விட்டாருன்னு யாரு சொன்னா? அடுப்படியில நெறகொடத்துல வெரலால தட்டிக்கிட்டே நிப்பாரு. தண்ணி சிந்துதுன்னு நாந்தான் ஏசுவேன்."

அவள் சொன்னதும் எனக்கு அது தெரிந்தது. ஈர விரல்கள், பித்தளைக் குடத்தின் கழுத்து, மெல்லிய சத்தம். என் சிறுவயதில் நான் கண்ட காட்சியா, அம்மா சொன்ன அந்த நொடியில் என் மனம் வரைந்துகொண்டதா என்று பார்ட்லெட்டைப் படித்த பிறகு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றேன்.